என் இடது சிறுநீரகம்

சாமி,

இந்தக் கவரை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். உன் மனைவி படித்துவிட்டு உன்னிடம் தருவாள். படிக்கட்டும். உன் மாமனார் கையில் கிடைத்தால் அவரும் படிக்கட்டும். இனி மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை, வெட்கப்படவும் நேரம் இல்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீலக் கோடு விழுவதில்லை. நேரில் வந்து நின்றால், "ஷிப்ட்டுக்கு நேரமாச்சுங்கப்பா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாய். காகிதத்தில் எழுதினால் கிழித்துப் போடுவதற்காகவாவது கையில் வாங்குவாய் அல்லவா, அந்த நம்பிக்கையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்றுக் காலை உன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு மாடியில் நின்று பேசினாள் போல, காற்று இரைந்தது. "மாமா, அவரு இந்த வாரம் டயாலிசிஸுக்குப் போகவே இல்லீங்க. ஈரோட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயி, ஆத்துப் பாலத்து மேல நின்னுட்டுத் திரும்பி வந்துட்டாருங்க. என்றகிட்ட, போயிட்டு வந்தேன்னுதான் சொல்றாரு. கையில ஊசி குத்துற எடத்துல பிளாஸ்திரி இல்லீங்க மாமா" என்றாள். டயாலிசிஸைத் தவற விட்டால் உடம்பில் முதலில் எது ஏறும், எப்போது மூச்சு முட்டும், எந்த நேரத்தில் இதயம் தாளம் தப்பும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றும் தெரியாத அப்பனாக இருந்திருந்தால் சாமி கும்பிட்டுக்கொண்டாவது இருந்திருப்பேன். தெரிந்து தொலைத்ததால் நேற்றிலிருந்து மணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை கோவை மருத்துவமனையில் நம் இருவரையும் உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் குழுவின் முன்னால் வரச் சொல்லியிருக்கிறார்கள். சிறுநீரகம் கொடுப்பவன் நான், வாங்குபவன் நீ. இருவரும் நேரில் போய்ச் சம்மதம் சொன்னால்தான் அறுவை சிகிச்சைக்குத் தேதி தருவார்கள். ஒருவர் வராவிட்டாலும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள், நம் முறை மறுபடி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீ வர மாட்டேன் என்கிறாய். இந்தக் கடிதம் அதற்காகத்தான். இடையில் நான் வேறு எதையாவது பேசிக்கொண்டு போனாலும் அதை மட்டும் மறந்துவிடாதே.

நான் என்ன வேலை செய்கிறவன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உன் மாமனார் படிப்பதாக இருந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும். பெண் கேட்கப் போனபோது, நாமக்கல் ரோட்டில் ஒரு பார்மசி கல்லூரியில் பேராசிரியர், மருந்து ஆராய்ச்சி என்று கௌரவமாகச் சொல்லி நிறுத்திக்கொண்டேன். உண்மையில் நான் செய்வது எலிகளுக்கு நோய் உண்டாக்குவது. நல்ல ஆரோக்கியமான வெள்ளை எலியை மயக்கி, விலாவுக்குக் கீழே முடியைச் சிரைத்து, ஒரு விரற்கடை திறந்து, இடது சிறுநீரகத்தை வெளியே எடுப்பேன். மேல் முனையையும் கீழ் முனையையும் வெட்டி, ரத்தம் நிற்கும்வரை பஞ்சு வைத்து அழுத்தி, நடுத்துண்டை மட்டும் உள்ளே வைத்துத் தைப்பேன். ஒரு வாரம் கழித்து வலது சிறுநீரகத்தை முழுசாக எடுத்துவிடுவேன். மிச்சம் இருக்கும் துண்டு மொத்த உடம்பின் பாரத்தையும் சுமந்து சுமந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பேறிச் செயலிழக்கும். மனிதனுக்கு வரும் சிறுநீரக நோயும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது என்பதால், புது மருந்து எது வந்தாலும் முதலில் இந்த எலிக்குக் கொடுத்துப் பார்ப்போம். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி ஒட்டியிருக்கும். அதை நோகாமல் பிரித்து உள்ளேயே விட வேண்டும். அவசரத்தில் அதையும் சேர்த்து எடுத்துவிட்டால் எலி நோயால் சாகாது, நம் கையால் சாகும். அந்தப் பிரிப்பில் என் கை சுத்தம் என்று மாவட்டத்தில் நாலு கல்லூரிக்காரர்கள் சொல்வார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. எந்த நோயை இத்தனை வருஷம் பிசகில்லாமல் உண்டாக்கப் பழகினேனோ, அதே நோய் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது, அதற்காகச் சொல்கிறேன்.

வீட்டில் எதற்கெடுத்தாலும் எலியை இழுக்கிறவன் நான். பார்மசி வேண்டாம், தறிக்கூடத்துக்குத்தான் போவேன் என்று நீ ஒற்றைக் காலில் நின்றபோது, "என்ற எலிகூடச் சொன்னாக் கேக்குமடா" என்றேன். "அதக் கூண்டுல வெச்சிருக்கீங்கப்பா, கேக்காம என்ன பண்ணும்?" என்றாய். உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். உன் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாளே நீ வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியபோது, தனியாக விட்ட எலி சரியாகத் தின்னாது, ஜோடியாக இருந்தால்தான் தேறும் என்று பந்தியில் எல்லார் முன்னாலும் சொன்னேன். உன் மாமியார் முகம் போன போக்கை இன்றைக்கும் உன் அம்மா நடித்துக் காட்டுவாள். இப்படியே பேசிப் பேசி, எந்த இடத்தில் அதைப் பேசக் கூடாது என்பது எனக்கு மறந்துபோய்விட்டது.

ஆடிப் பதினெட்டுக்கு நாங்கள் இருவரும் சேலம் சூரமங்கலத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்திருந்தோம். ஆற்றில் குளித்துவிட்டு வந்து ஈரக் காலை நீட்டிப் போட்டு நீ சுவரில் சாய்ந்திருந்தாய். கணுக்காலுக்கு மேல் வீங்கிப் பளபளத்தது. விளையாட்டாகத் தொடுவது போலக் கட்டைவிரலால் முன்னங்கால் எலும்பில் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி மேலே வரவில்லை. "நின்னு நின்னு வேலை பாக்கறமுங்கப்பா, அதான்" என்று சிரித்தாய். நான் கை கழுவுவது போலப் பின்பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே அது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு எல்லாரும் சித்திரான்னம் சாப்பிட்டார்கள், நானும் சாப்பிட்டேன். எப்படி உள்ளே போயிற்று என்று தெரியவில்லை.

பிறகு அந்த டாக்டர் அறை. உன் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். டாக்டர் ரிப்போர்ட்டை என் பக்கம் நகர்த்தினார். சிறுநீரகம் வடிகட்டாமல் ரத்தத்தில் தேங்கும் கிரியேட்டினின் அளவைப் பார்த்தேன். நீ என் பக்கத்து நாற்காலியில் இருக்கிறாய் என்பதே எனக்கு மறந்துவிட்டது. கல்லூரியில் சக ஆசிரியரிடம் பேசுவது போல, "இந்த லெவலுக்கு வந்துட்டா நாங்க அதுக்கு மேல வெச்சிருக்க மாட்டமுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு உறைத்தது. வேதனை ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்ட பிராணியை அதற்கு மேல் இழுத்தடிக்காமல் வலியில்லாமல் முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. எங்களுக்கு அது இரக்கம். உனக்கு அது பெற்ற அப்பன் வாயால் வந்த தீர்ப்பு. நீ மெதுவாக எழுந்து, "நான் உங்க எலி இல்லீங்கப்பா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வெளியே போனாய். கத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்த 'ங்க' இன்னும் காதில் இருக்கிறது.

அதற்கு அடுத்த நாளும் நான் வேலைக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் உன் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே மேசையில் எலி தயாராக இருந்தது. ஆத்தூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி எனக்கு உதவிக்கு நின்றாள். தோலைத் திறந்தேன், தசையைப் பிரித்தேன், இடது சிறுநீரகத்தை வெளியே எடுத்து ஈரத் துணியில் வைத்தேன். அதற்கு மேல் கை போகவில்லை. வெறுமனே நின்றுவிட்டது. அந்தப் பெண் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், கத்தரி தரட்டுங்களா?" என்றாள். நான் சிறுநீரகத்தை அப்படியே திருப்பி உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன். "இத எந்த குரூப்ல சார் சேக்கறது?" என்று கேட்டாள். எங்கள் வேலையில் பொய் அறுவை என்று ஒன்று உண்டு, ஷாம் என்போம். சில எலிகளை மற்றவை போலவே கிழித்து, சிறுநீரகத்தைத் தொட்டுப் பார்த்து, ஒன்றும் வெட்டாமல் தைத்துவிடுவோம். நோய் வந்தது வெட்டினதாலா, அல்லது மயக்கத்தாலும் வலியாலுமா என்று பிரித்தறிய அந்த எலிகள் வேண்டும். "ஷாம்ல போடும்மா" என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினேன். அன்றிலிருந்து நான் கத்தியைத் தொடவில்லை. துறைத் தலைவரிடம் கண் சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

உன் நிலைமையை விசாரிக்க வந்த உறவுக்காரி ஒருத்தி, "வாயில்லாத ஜீவனுக்கு அத்தனை பண்ணுனாச் சும்மா உடுமா?" என்று என் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சொன்னாள். நான் எப்படிக் கத்தினேன் என்று உன் அம்மாவைக் கேள். அவள் போட்டுக்கொள்ளும் மாத்திரை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு எலியைத் தாண்டித்தான் வந்தது, தெரியாமல் பேசக் கூடாது என்று விரட்டிவிட்டேன். நான் சொன்னது சரிதான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவள் போன பிறகு பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பாவம் என்று ஒன்று இருந்து, அது கணக்குத் தப்பாமல் வருமென்றால், என்னிடம் அல்லவா வந்திருக்க வேண்டும்? எனக்கு இரண்டு சிறுநீரகமும் முழுசாக, கல்லுக்குண்டு மாதிரி இருக்கின்றன என்று ஸ்கேன் எடுத்த பெண் பாராட்டினாள். அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு மேசையில் படுத்திருந்தேனே, அதைப் போல ஒரு கேவலம் என் வாழ்நாளில் இல்லை. உன் அம்மா தான் தருவதாகத்தான் முதலில் நின்றாள். சர்க்கரை இருப்பதால் அவளை வேண்டாம் என்றுவிட்டார்கள். "நானும் ஆகாத உருப்படியாப் போயிட்டனுங்க" என்றாள். இதையும் நீ தெரிந்துகொள்.

போன மாதம் உன் வீட்டுக்கு வந்து நான் வாதாடியதை நினைத்துப் பார்க்கிறேன். கரும்பலகை முன்னால் நிற்பது போல நின்றுகொண்டு, ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் மற்றது சில வாரங்களில் பருத்து இரண்டின் வேலையையும் பார்க்கும், என் கையாலேயே எத்தனையோ எலிகளுக்கு ஒன்றை எடுத்திருக்கிறேன், மறுநாள் காலையிலேயே தீவனம் தின்னும், அதனால் எனக்கு ஒன்றும் ஆகாது என்று அடுக்கினேன். நீ பொறுமையாகக் கேட்டாய்.

"ஒரு கேள்வி கேக்கட்டுங்களாப்பா?"

"கேளு சாமி."

"ஒத்தக் கிட்னி எலியெல்லாம் நல்லா இருந்துச்சுன்னு சொல்றீங்க. அதெல்லாம் இப்ப எங்கீங்க இருக்குது?"

நீயே தொடர்ந்தாய்.

"பன்னெண்டு வாரம் ஆச்சுன்னா எல்லாத்தையும் முடிச்சு, கிட்னிய எடுத்துச் சீசாவுல போட்டுருவீங்க. நீங்கதான் சொல்லியிருக்கீங்க. பதிமூணாவது வாரம் அது எப்படி இருக்குமுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? என்னையப் பொழைக்க வெச்சுப்போட்டு நீங்க படுத்துட்டீங்கன்னா, அம்மா ரெண்டு பேர்ல யாரைப் பாக்கும்?"

உன் மனைவி அடுப்படி வாசலில் டம்ளரோடு நின்றுவிட்டாள். நான் சங்ககிரி வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தேன். வாய்மொழித் தேர்வில் ஒரு மாணவன் இப்படிக் கேட்டிருந்தால் முழு மதிப்பெண்ணும் போட்டிருப்பேன். பார்மசி படிக்காமல் போனாயே என்று அன்றைக்கும் ஒரு தடவை வயிறெரிந்தேன்.

இப்போது பதில் சொல்கிறேன். எனக்குத் தெரியாது. பதிமூன்றாவது வாரத்தை நான் பார்த்ததில்லை. எந்த ஒற்றைச் சிறுநீரக எலியையும் கிழடாகி, தானாகச் சாகும்வரை நான் விட்டுவைத்ததில்லை. எலியைக் காட்டி உன்னிடம் அளந்தது என் வாத்தியார்ப் புத்தி. சிறுநீரகம் கொடுத்த மனிதர்கள் வருஷக்கணக்கில் வேலைவெட்டி பார்த்துக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள் என்று டாக்டர் சொல்கிறார். அதை நம்புகிறேன். ஆபத்தே கிடையாது என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்துக் கூண்டை நான் பார்த்திருக்கிறேன், சாமி. மருந்தும் கொடுக்காமல், துண்டுச் சிறுநீரகத்தோடு விடப்பட்ட எலிகள் இருக்கும் கூண்டு. முடி சிலிர்த்துக்கொண்டு, முதுகு கூனி, தீவனப் பக்கம் போகாமல் மூலையில் ஒண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும் பிராணி இல்லை அது, ஆனாலும் பார்க்க முடியாது. அதற்கு மேல் எழுத மாட்டேன், உன் மனைவி படிப்பாள். எனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்பாவ அறுத்துத்தான் நான் பொழைக்கோணுமா?" என்று உன் மனைவியிடம் கேட்டாயாமே. ஆமாம், அறுத்துத்தான் பிழைக்க வேண்டும். அதில் என்ன அசிங்கம் இருக்கிறது? நீ இல்லாத வீட்டில் இரண்டு சிறுநீரகத்தையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று யோசித்தாயா? காலையில் எழுந்து காபி குடித்துவிட்டு, டவுன் பஸ் ஏறி வேலைக்குப் போவேனா? உன் அம்மா யாரைப் பார்ப்பாள் என்று கேட்டாய். நீ போய்விட்டால் அவள் என் முகத்தில் விழிக்கவே மாட்டாள். நான் பயந்துபோயிருக்கிறேன், சாமி. அறுவைக்கு இல்லை. மயக்க ஊசி போட்டுப் படுக்க வைத்தால் படுத்துக்கொள்வேன். உன் பிடிவாதத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறேன், ஏனென்றால் அது என்னுடையது, அது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும்.

கொஞ்சம் சில்லறை விஷயங்கள். உன் மாமனார் தோப்பிலிருந்து பாசமாக இளநீர் வெட்டிக்கொண்டு வருகிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது. நல்ல உடம்புக்கு அது அமிர்தம்தான், உன் உடம்பில் பொட்டாசியம் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். வாழைப்பழமும் அப்படித்தான். சிறுநீரகத்துக்கு நல்லது என்று யார் என்ன மூலிகைப் பொடி கொடுத்தாலும் வாங்கிக் குப்பையில் போடு, வாங்காமல் இருந்தால் மனசு நோவார்கள். இடது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்து வைத்திருக்கிறார்களே, அந்தக் கையால் தறியில் மாட்டும் நூல் உருளையை, அந்தப் பீமைத் தூக்காதே, அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதே, அதன் மேல் தலையை வைத்துத் தூங்காதே. உன் மனைவியிடம் பொய் சொல்லாதே. பிளாஸ்திரி இல்லாததைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற பெண்ணை ஏமாற்றி நீ ஜெயிக்க முடியாது. முக்கியமாக, இந்தக் கடிதத்தைக் கீழே வைத்தவுடன் ஈரோட்டுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள். என் மேல் இருக்கும் கோபத்தை உன் ரத்தத்தில் காட்டாதே.

வியாழக்கிழமை காலை நான் சேலம் ஜங்ஷனில் ஏறுகிறேன். உன் அம்மாவும் வருகிறாள். ஈரோட்டில் வண்டி நிற்கும்போது நான் கதவருகே நிற்க மாட்டேன், உன்னைத் தேட மாட்டேன். நீ வேறு பெட்டியில் ஏறிக்கொள். கோவையில் இறங்கித் தனி ஆட்டோவில் வா. மருத்துவமனையில் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்துகொள். என் முகத்தைப் பார்க்க வேண்டாம், ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

குழுவின் முன்னால் முதலில் என்னைத் தனியாகக் கூப்பிடுவார்களாம். யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்பார்கள். இல்லை என்பேன். பிறகு உன்னைக் கூப்பிடுவார்கள். உன் அப்பாவின் சிறுநீரகத்தை மனமுவந்து ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். உனக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும். வராவிட்டால் பரவாயில்லை. "ஆமாங்க" என்று ஒரு பொய் சொல்லிவிடு, சாமி. உன் மனைவியிடம் பொய் சொல்லாதே என்று மேலே எழுதிய அதே கையால்தான் இதையும் எழுதுகிறேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் பிழைத்து எழுந்து வா. அதற்கப்புறம் உன் ஆயுசு முழுக்க என்னோடு பேசாமல் இரு, நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

அப்பா